திருநீறு விழுந்தால் சட்டிக்கு

அக்கா,

இன்று காலை எங்கள் சமையலறை மேடையில் பதினொரு பாத்திரங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. எவர்சில்வர் டம்ளர் நான்கு, காபி மக் ஐந்து, கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, என் மகன் பள்ளியில் பரிசாக வாங்கிய பிடி உடைந்த மக் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காளானின் தலை இருக்கிறது. சேகர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, டீயை எதில் குடிப்பதாம் என்று கேட்டாரே தவிர, ஒன்றையும் தொடவில்லை. ரசக் கிண்ணத்தில் டீயை ஊற்றிக்கொண்டார். பிறகு குளித்துவிட்டு வந்து, மேடைக்கு மேலே இருக்கும் சாமித் தட்டிலிருந்த திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் சொல்லாமலேயே முன்னறைக்குப் போய்விட்டார். டிவிக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கும்பிடுகிறார், பாவம். மேடையில் காளான் இருக்கும் நாளில் திருநீறு சமையலறையில் இருக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். போட்டது நீங்கள்.

பத்து மணிக்கு உங்கள் மகள் சிந்து வருவாள். அவள் வந்த பிறகுதான் பாத்திரங்களைத் தூக்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பங்குனி வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் பதினொரு பாத்திரத்தையும் தூக்க எனக்கு மனசு வரவில்லை.

சிந்து நேற்று மத்தியானம் வேலி இடைவெளி வழியாக வந்தாள். தலையில் உங்கள் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி, கையில் வடிதட்டு, அதில் இந்தக் காளான் கொத்து. "ஆன்டி, இது அம்மான்ர வெல்வெட்டா?" என்று கேட்டாள். போனில் படம் பிடித்துப் பார்த்தாளாம். ஆப் உடனே ஆமாம் என்று சொல்லிவிட்டதாம். ஆப்பே சொன்ன பிறகு என்னிடம் எதற்கு வந்தாய் என்று கேட்டேன். தோளைக் குலுக்கிக்கொண்டு, "சும்மா" என்றாள். எனக்கு அது அப்போது புரியவில்லை.

அந்த மரம் விழுந்த காலையை நினைத்துக்கொள்கிறேன். இந்தக் குளிர் தேசத்து நோர்பரிக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. புயல் ஓய்ந்து பார்த்தால், உங்கள் தோட்டத்து ஆஷ் மரம் வேலியை உடைத்துக்கொண்டு பாதி உங்கள் பக்கம், பாதி எங்கள் பக்கம் என்று படுத்திருந்தது. சண்டை வரப்போகிறது என்று நானும் சேகரும் தயாராக நின்றோம். நீங்கள் உடைந்த வேலி வழியாக ஒரு தட்டு ரொட்டியோடு வந்து, "மரம் உங்களைப் பாக்க வந்திட்டுது, நான் அதைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றீர்கள். மரமும் போகவில்லை, வேலியும் கட்டப்படவில்லை. அந்த இடைவெளி எங்கள் இரண்டு வீட்டுக்கும் வாசல் ஆனது.

நீங்கள் என்னை "நீர்" என்று கூப்பிட்டதில் முதலில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கோயம்புத்தூரில் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர்தான் "நீர்" என்பார். சேகரிடம் புகார்கூடச் செய்தேன். யாழ்ப்பாணத்தில் சிநேகிதமானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் நீங்கள் எப்போதாவது "நீங்கள்" என்றால், என்ன கோபம் என்று கேட்கத் தொடங்கினேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அந்த மரத்தில் முதல் கொத்து வந்தது. தை மாதம், புல்லெல்லாம் உறைபனி. எதுவுமே முளைக்காத அந்தக் காலத்தில் பட்டை வெடிப்பிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பத்துப் பதினைந்து தலைகள், எண்ணெய் தடவிவிட்டதுபோல் மினுமினுவென்று. நாய்க்குடை என்று சொல்லி நான் துடைப்பத்தை எடுத்தேன். நீங்கள் ஓடிவந்து என் கையைப் பிடித்தீர்கள். ஈரப் புல்லில் முழங்காலை ஊன்றி, ஒன்றை அடியோடு பெயர்த்துத் தலைகீழாகத் திருப்பினீர்கள். உங்கள் தையல் கடையில் யாராவது கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித்தானே தையலைப் பார்ப்பீர்கள்? அதே கை, அதே கண். "துணியும் காளானும் ஒண்டுதான். வெளிப்பக்கம் பொய் சொல்லும்" என்றீர்கள். பிறகு அதன் காலை என் விரலில் தேய்த்தீர்கள். கரும்பழுப்பு நிறம், தொட்டால் வெல்வெட்டு. ஆங்கிலத்திலும் அதற்கு வெல்வெட் கால் என்றுதான் பெயர் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. உங்கள் கடைப் பேச்சு என்று நினைத்தேன்.

இதையெல்லாம் ஜெர்மனியில் இருந்தபோது கற்றுக்கொண்டதாகச் சொன்னீர்கள். அங்கே ஒரு சின்ன ஊர் உணவகத்தில் பாத்திரம் கழுவியபோது கூட வேலை பார்த்த போலந்துக்காரி ஒருத்தி, விடுமுறை நாளில் உங்களைக் காட்டுக்குக் கூட்டிப் போவாளாம். தப்பானதைத் தொட்டால் புறங்கையில் பட்டென்று ஒரு அடி வைப்பாளாம். அவளுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு அப்போது ஜெர்மன் தெரியாது, அடிதான் பாஷை. இங்கே ஸ்ட்ரெதம் பொதுப் பூங்காவில் நடக்கும்போது என் கையையும் தட்டிவிட்டிருக்கிறீர்கள். ஆனால் அது வேறு காரணத்துக்கு. அங்கே மரக் கட்டைகளில் இருந்ததை நான் பறிக்கப் பார்த்தேன். இது எல்லோருக்கும் பொதுவான இடம், "கண்ணால பறியும்" என்றீர்கள். பறிப்பதெல்லாம் நம் மரத்தில் மட்டும்தான்.

அந்த மரத்திலேயே இன்னொருத்தியும் வருவாள். அவளைத்தான் நீங்கள் எனக்கு ஒழுங்காக அறிமுகப்படுத்தி வைத்தீர்கள். அதே அளவு, ஏறக்குறைய அதே நிறம், அதே குளிர். சில நேரம் ஒரே கொத்துக்குள் நைசாக நுழைந்து நிற்பாள். தின்றால் ஒரு நாள் ஒன்றும் தெரியாது, பிறகு கல்லீரலைக் காலி செய்துவிடும் என்றீர்கள். ஆங்கிலத்தில் அவள் பெயருக்கு இழவு மணி என்று அர்த்தமாம். காலில் மெல்லிய வளையம் இருப்பதால் நாம் அவளுக்கு மோதிரக்காரி என்று பெயர் வைத்தோம். மோதிரம் போட்டவளை வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. மோதிரம் கழன்று விழுந்துவிடும், அதை மட்டும் நம்பக் கூடாது என்றீர்கள்.

நம்ப வேண்டியது தூளை. தலையை மட்டும் வெட்டி, காகிதத்தில் குப்புற வைத்து, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டால், மறுநாள் காலையில் அது தன் தூளைக் கீழே உதிர்த்திருக்கும். வெல்வெட்டுக்கு வெள்ளைத் தூள். மோதிரக்காரிக்குத் துருப்பிடித்த காவித் தூள். வெள்ளை கறுப்பில் தெரியும், காவி வெள்ளையில் தெரியும். அதற்காக நீங்கள் கறுப்பு அட்டை பாதி, வெள்ளை அட்டை பாதி வைத்து, தையல் மெஷினில் கோணல்மாணல் தையல் போட்டு இணைத்து வைத்திருந்தீர்கள். "திருநீறு விழுந்தா சட்டிக்கு, காவி விழுந்தா குப்பைக்கு." இதை நீங்கள் சொன்ன ராகத்தில்தான் எனக்கு இன்னும் கேட்கிறது. காலும் தலையும் எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் இந்தப் பரீட்சை, திருநீறு விழுந்ததெல்லாம் தின்னக் கூடியது என்று நினைத்துவிடக் கூடாது என்றும் ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். அப்புறம் சட்டியில் கடுகு, பச்சை மிளகாய், தேங்காய்ப் பூ போட்டுப் பொரியல் மாதிரி ஒரு வறை. அதன் ருசியை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் செய்த வேலையையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது குளிர்காலம் அது. எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில், நாலு காளானைப் பார்த்துச் சொல்ல முடியாதா என்ற எண்ணம். உங்களைக் கேட்காமல் ஒரு கொத்தைப் பறித்தேன். வெள்ளைத் தூளுக்குக் கறுப்புத்தானே வேண்டும் என்று ஒரு கறுப்புக் காகிதத்தை மட்டும் எடுத்தேன். டம்ளரும் கவிழ்க்கவில்லை. ஒரு தலையை அதில் குப்புறப் போட்டு, சாமித் தட்டுக்கு நேர் கீழே வைத்தேன். காலையில் சேகர் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போல் மூன்று விரலால் அள்ளி நெற்றியில் பூசிவிட்டு ஆபீஸ் போனார். நான் வந்து பார்த்தேன். காகிதம் முழுக்க வெள்ளை. சந்தோஷத்தில் வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டேன். மகன் அன்று வீட்டில் இருந்தான், அவனுக்கும் சேர்த்துத்தான் நறுக்கினேன்.

கடைக்குப் போகிற வழியில் நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். நான் பெருமையாகக் காகிதத்தைக் காட்டினேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள், பிறகு மூக்கை வைத்தீர்கள்.

"மணக்குது" என்றீர்கள்.

எங்கள் ஊரில் அது பாராட்டு. நான் பல்லைக் காட்டினேன். உங்கள் ஊரில் நல்லதும் மணக்கும், கெட்டுப்போன மீனும் மணக்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்? நீங்கள் அந்தத் தூளை ஒரு விரலால் தொட்டு உங்கள் நெற்றியில் பூசிக்கொண்டீர்கள். "இது உம்மட மனுசன்ர திருநீறு. சுத்தி எல்லாம் வெள்ளை, நடுவில எங்க? காளான் தனக்குக் கீழதான் கொட்டும், பக்கத்து வீட்டில கொட்டாது." காகிதத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தீர்கள். தலை இருந்த இடத்தில், கறுப்பின் மேல் கண்ணுக்கே தெரியாத மாதிரி, துரு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது.

என்னைத் திட்டுவீர்கள் என்று நின்றேன். நீங்கள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். "நான் வராட்டி?" என்று மட்டும் கேட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உங்களுக்குக் கிண்டல் திரும்பியது. காவி கட்டினவரை நம்பக் கூடாது, அதுக்கு மேல திருநீறும் பூசினவரைக் கொஞ்சமும் நம்பக் கூடாது என்றீர்கள். மாலையில் சேகர் வந்ததும் அவருக்குச் சட்டத்தை வாசித்துக் காட்டினீர்கள். அவர் பள்ளிக்கூடப் பையன்போல் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நான் தனியாக ஒன்றையும் பறித்ததில்லை. போன மாசி வரைக்கும்.

போன மாசியில் உங்கள் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இனி வைத்தியம் வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்திருந்தீர்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது, மரத்தில வெல்வெட் வந்திட்டுதோ என்று கேட்டீர்கள். "ஒரு கரண்டி வறை செய்து தாருமன்." இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

வந்திருந்தது, அக்கா. உறைபனியில் கல்லாக விறைத்துக் கிடந்து, வெயில் பட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் நிமிர்ந்து நின்றது. ஏழு பறித்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், காலைத் தடவிப் பார்த்தேன். ஏழு டம்ளர் கவிழ்த்தேன். சேகரை அவருடைய திருநீற்றோடு முன்னறைக்கு விரட்டினேன். காலையில் ஏழிலும் திருநீறு, சுத்தமான வட்டம், தலைக்கு நேர் கீழே. ஒரு குறையும் இல்லை. சட்டியை அடுப்பில் வைத்தேன். அப்போது "நான் வராட்டி?" என்று உங்கள் குரல் கேட்டது. இந்தத் தடவை நீங்கள் வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏழும் குப்பைக்குப் போயின. நான் கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், பிளாஸ்டிக் பெட்டியில் விற்கும் பழுப்புக் காளானை வாங்கி வந்து, அடையாளம் தெரியாதபடி நூல் நூலாக நறுக்கி வறை செய்தேன்.

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? "கோப்பைக்குக் கீழ என்ன விழுந்தது?" நான் திருநீறு என்றேன். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டுதான் பொய்யைச் சொன்னேன். நீங்கள் கரண்டியை வாங்கி மூக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்திருந்தீர்கள். "மணக்குது" என்று சொல்லிவிட்டு, இரண்டு கரண்டி சாப்பிட்டீர்கள். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். உங்கள் காரியங்களெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் திரும்பி வந்தது. நீங்கள் அதை எந்த ஊர் அர்த்தத்தில் சொன்னீர்கள்? கண்டுபிடித்துவிட்டீர்களா? கடைசியாகக் கேட்ட ஒன்றையும் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனீர்களா? பத்து மாதமாக இதை யாரிடமும் கேட்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். கதவு திறக்கும் சத்தம். சிந்து வந்துவிட்டாள். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

மத்தியானம் ஆகிவிட்டது, அக்கா. உட்கார்ந்து எழுத இப்போதுதான் முடிந்தது.

சிந்து உங்கள் தையல் போட்ட அட்டையை நேற்றே கொண்டுவந்திருந்தாள். அதை ஒரு தலைக்கு வைத்திருந்தேன். மற்ற பத்துக்கும் கறுப்பும் வெள்ளையும் ஒட்டி நானே செய்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கினோம். முதல் டம்ளர் திருநீறு. இரண்டாவது திருநீறு. சிந்து ஒவ்வொன்றுக்கும் சின்னதாகக் கைதட்டினாள். ஒன்பதும் அப்படியே. பத்தாவது, மகனின் பிடி உடைந்த மக். தூக்கினேன். வெள்ளைப் பாதியில் துரு நிறத்தில் அரை வட்டம், அளவெடுத்து வரைந்ததுபோல்.

கைதட்டல் நின்றுவிட்டது. மக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த அந்தத் தலையின் காலை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த இடத்தில் நூலளவுக்கு ஒரு தடம் மட்டும் இருந்தது. கழன்று விழுந்துவிடும் என்று நீங்கள் சொன்னது இதைத்தான். நேற்றுக் குளிர் வெளிச்சத்தில் நானும் அதைப் பார்க்கவில்லை, ஆப்பும் பார்க்கவில்லை. பதினொன்றாவதைத் தூக்கினோம், திருநீறு. சிந்து மெதுவாக, மற்ற பத்தும் நல்லதுதானே என்று கேட்டாள். ஒரே வடிதட்டில் கிடந்ததில் ஒன்று காவி என்றால் எல்லாம் குப்பைதான் என்றேன். பையில் போட்டு இறுகக் கட்டி அவளே கொண்டுபோய்ப் போட்டாள். வடிதட்டையும் மேடையையும் இரண்டு தடவை கழுவினோம். கழுவிய வடிதட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியையும் பார்த்தாள். உங்கள் கைதான் அது.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். போன மாசியில் அம்மாவுக்குக் கொடுத்த வறை மரத்துக் காளான் இல்லை, கடைக் காளான், பயத்தில் ஏமாற்றிவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

சிந்து எனக்கு ஒரு மக்கைக் கழுவி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும் ஆன்டி. நீங்க போன உடனயே அம்மா சொன்னவ."

என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் தமிழில் யோசித்து யோசித்து, நீங்கள் சொன்னபடியே சொன்னாள்.

"'இது கடைக் காளான். அவவுக்குப் பயம். மரத்தில வாறதை நான் இல்லாட்டி அவவிட்டத்தான் கேக்க வேணும், பயமில்லாத ஆளிட்டக் கேக்காத' எண்டு சொன்னவ. சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தையும் சாப்பிட்டவ."

சும்மா வந்தேன் என்று அவள் நேற்றுத் தோளைக் குலுக்கியதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனில் ஆப் இருக்கும்போது, வடிதட்டோடு வேலியைத் தாண்டி என்னிடம் அவளை அனுப்பியது நீங்கள். எதை என் கோழைத்தனம் என்று பத்து மாதமாக வெட்கப்பட்டேனோ, அதை நம்பித்தான் உங்கள் பெண்ணை என்னிடம் விட்டுப் போயிருக்கிறீர்கள். இன்று அந்தப் பயம் இல்லாவிட்டால், அந்தப் பத்தாவது தலையும் மற்றதோடு சேர்ந்து சட்டியில் விழுந்திருக்கும். சிந்துவும் சேகரும் நானும் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்திருப்போம்.

அந்தப் பயத்தை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன், அக்கா. உங்கள் அட்டையையும் சிந்து என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அதைத் துடைத்து, சாமித் தட்டுக்கு எட்டாத தூரத்தில், மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சேகர் பசி என்றார். அதனால் நானும் சிந்துவும் கடைக்குப் போய் அதே பழுப்புக் காளானை வாங்கி வந்தோம். இந்தத் தடவை நூல் நூலாக நறுக்கவில்லை, பெரிசு பெரிசாகவே நறுக்கினேன். கடுகு, பச்சை மிளகாய், தேங்காய்ப் பூ. இறக்கியதும் ஒரு கரண்டி எடுத்து, நீங்கள் வைத்த மாதிரியே மூக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

மணக்குது, அக்கா. எங்கள் ஊர் அர்த்தத்தில்தான் சொல்கிறேன்.